சுவையில் தெரியாத காரீயம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறுகிறவர்கள் காவடியோடு 365 படிகளைக் கடந்து மேலே போகிறார்கள். மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை. மூன்று நாள் தெப்பத் திருவிழாவின்போது அதன் கரையில் நிற்க இடம் இருக்காது. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். அவற்றில் மண்பானைகளின் இடத்தை நீல நிறக் கேன்கள் பிடித்துப் பல ஆண்டுகளாகின்றன. மலைக்கு வந்துபோகிறவர் ஒரு நாள் குடித்துவிட்டுப் போகிறார். ஊரிலேயே இருக்கும் நெசவாளியும், சந்நிதித் தெருவில் பூக்கட்டும் பெண்ணும், ரயிலடியில் ஆட்டோ ஓட்டுகிறவரும் ஆண்டு முழுவதும் அதே கேனுக்குக் காசு கொடுக்கிறார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதே என்று கேட்டால், "அது புழங்கத்தான்" என்கிறார்கள். புழங்கும் நீர் வேறு, குடிக்கும் நீர் வேறு என்று நம் வீடுகளில் பிரிவினை ஏற்பட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அந்தப் பிரிவினைக்கான விலையை யார் கொடுக்கிறார்கள், அந்த விலைக்கு ஈடாகப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்ற கேள்வியை நாம் போதுமான அளவு எழுப்பவில்லை.

நீரைக் குறித்த நம் தீர்ப்பு பெரும்பாலும் நாக்கு வழங்கும் தீர்ப்பு. உவர்த்தால் கெட்ட நீர், இனித்தால் நல்ல நீர். அண்மைக் காலத்தில் நாக்கோடு ஒரு கருவியும் சேர்ந்துகொண்டது. சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருகிறவர் பேனா போன்ற ஒன்றைத் தம்ளரில் அமிழ்த்தி, 'டிடிஎஸ் எண்ணூறு' என்று காட்டி வீட்டாரை அச்சுறுத்துகிறார். கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டும் தோராயமாகக் காட்டுவது அந்தக் கருவி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 தரத்தில் மொத்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. அதே தரத்தில் காரீயத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வேறு ஆதாரம் இல்லை என்ற காரணத்துக்காகக்கூட அதில் தளர்வு கிடையாது. ஐந்நூறுக்கும் 0.01-க்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். வரம்பைப்போல் பத்து மடங்கு காரீயம் கலந்திருந்தாலும் அந்தப் பேனாவின் திரையில் ஓர் எண்கூட மாறாது. நாக்குக்கும் தெரியாது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை.

ஈயம் என்ற சொல்லிலேயே தமிழில் ஒரு குழப்பம் உண்டு. வெள்ளீயம் ஒன்று, காரீயம் மற்றொன்று. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயப்பூச்சும் வெள்ளீயத்தால் ஆனவையாக இருக்க வேண்டும். அது தீங்கற்றது என்று கருதப்பட்டே அடுக்களைக்குள் வந்தது. காரீயம் நஞ்சு. ஆனால், சந்தையில் வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இரண்டும் எளிதில் உருகும், எளிதில் கலக்கும். இந்த விலை வேறுபாடே கலப்படத்துக்கு அழைப்பு. 'ஈயம் பூசுகிறோம்' என்று கூவி வருகிறவரிடம் எந்த ஈயம் என்று கேட்பவர் இல்லை. கேட்டாலும் அவருக்கே தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

குழாய்நீருக்குள் காரீயம் எப்படி வருகிறது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு இணைப்புக் குழாய்களே காரீயத்தால் செய்யப்பட்டன. அங்கே பிரச்னை வெளிப்படையானது. அந்தக் குழாய்களைப் பத்தாண்டுகளுக்குள் தோண்டி எடுத்து மாற்ற வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 அக்டோபரில் விதி வகுத்தது. நம் ஊர்களின் கதை வேறு. இங்கே இரும்புக் குழாய்கள் போய் பிவிசி குழாய்கள் வந்தன. பிவிசி வெப்பத்தில் சிதையாமல் இருக்க நிலைப்படுத்தியாக ஒரு வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். மிக மலிவானது காரீயச் சேர்மம். கால்சியம், துத்தநாகம் சார்ந்த மாற்றுகள் நெடுங்காலமாக உள்ளன. சற்று விலை கூடுதல், அவ்வளவே. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு சென்ற பிறகு, பிவிசி குழாய்களிலும் இணைப்புகளிலும் காரீய நிலைப்படுத்தியைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-ல் வெளியிட்டது. அதற்கு முன்பு வீடுகளிலும் தெருக்களிலும் பதிக்கப்பட்ட குழாய்கள் மண்ணுக்கடியிலும் சுவருக்குள்ளும் அப்படியே இருக்கின்றன. விதி வந்த பிறகு சிறு பட்டறைகளில் உருவாகி, முத்திரையில்லாமல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குழாய்களை எந்த விதி தொட்டது என்பதும் விசாரிக்கத்தக்கது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. பிவிசி குழாயிலிருந்து காரீயம் கரைவது புதுக் குழாயில்தான் அதிகம். பரப்பிலுள்ளது கழுவப்பட்ட பிறகு கரைவு குறைகிறது. பழங்குழாய் உள்ள வீடெல்லாம் நஞ்சு வீடு என்று பீதி கிளப்புவது பொறுப்பற்ற செயல். ஆனால், கரைவைக் கூட்டும் காரணிகள் சில உள்ளன. நீர் நெடுநேரம் தேங்கி நிற்பது ஒன்று. அமிலத் தன்மையும் உப்புக் குறைவும் மற்றொன்று. வெப்பமும் வெயிலும் இன்னொன்று. இவற்றைத் திருத்தணியில் வைத்துப் பாருங்கள். கோடையில் வானிலை ஆய்வு மையம் வெளியிடும் உச்ச வெப்பப் பட்டியலில் வேலூர், கரூர் பரமத்தி ஆகியவற்றோடு திருத்தணியின் பெயரும் அடிக்கடி இடம்பெறுகிறது. குழாயில் நீர் நாள் முழுவதும் ஓடுவதில்லை, விட்டுவிட்டு வருகிறது. வந்த நீர் தரைத்தொட்டியில் தேங்கி, மோட்டாரில் ஏறி, மொட்டைமாடித் தொட்டியில் காய்ந்து, வெயில் படும் குழாய் வழியே இறங்கி, பித்தளைக் குழாய்முனையை அடைகிறது. அந்தப் பித்தளையிலும் காரீயம் உண்டு. கடைசலுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்று சேர்ப்பது பட்டறை வழக்கம்.

இன்னும் கவனிக்க வேண்டியது நீராதாரம் மாறும் தருணம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம், செலவைக் குறைக்கும் பொருட்டு 2014 ஏப்ரலில் தன் நீராதாரத்தை மாற்றியது. ஹ்யூரான் ஏரியின் நீருக்குப் பதிலாக ஃபிளின்ட் ஆற்று நீர் குழாய்களில் ஓடியது. ஆற்றுநீர் கூடுதல் அரிப்புத் தன்மை கொண்டது. அரிப்புத் தடுப்பான் சேர்க்க வேண்டியவர்கள் சேர்க்கவில்லை. பல பத்தாண்டுகளாகக் குழாயின் உட்புறத்தில் படிந்து காப்பாக நின்ற படலம் கரைந்தது. காரீயம் நீரில் இறங்கியது. ரத்தத்தில் காரீயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 விழுக்காடாக உயர்ந்ததை ஒரு குழந்தை மருத்துவர் கண்டு சொன்னார். அதிகாரிகள் முதலில் அதை மறுத்தார்கள், பின்னர் ஒப்புக்கொண்டார்கள், 2015 அக்டோபரில் பழைய ஆதாரத்துக்கே திரும்பினார்கள். குழாய் மாறவில்லை, அதில் ஓடிய நீர் மாறியது. அதுவே போதுமானதாக இருந்தது.

திருத்தணியும் நீராதாரம் மாறும் ஊர். உள்ளூர் ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருந்த நகரத்துக்குப் பாலாற்றுப் படுகையின் திருப்பாற்கடலிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலம் நீர் கொண்டுவரப்படுகிறது. திட்டம் வரவேற்கத்தக்கது, அதில் ஐயமில்லை. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்தின் பயன் அது. ஊர் வந்தது; ஆற்றின் தலைப்பகுதி வரவில்லை. கொசஸ்தலையாற்றின் மேற்பகுதியும் நகரி ஆறும் ஆந்திரத்துக்குள் இருக்கின்றன. மழை மிகுந்தால் கிருஷ்ணாபுரம் அணையின் உபரிநீர் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்களை மூழ்கடிக்கிறது. மழை பொய்த்தால் ஆறு மணல்வெளி. கொசஸ்தலையின் குறுக்கே ஆந்திரம் மேலும் இரு அணைகள் கட்டத் திட்டமிட்டபோது, 2022 ஆகஸ்டில் தமிழக முதல்வர் எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுத நேர்ந்தது. 1983 ஒப்பந்தப்படி வரும் கிருஷ்ணா நீரும் ஊத்துக்கோட்டை வழியே பூண்டிக்குப் போகிறது. அது சென்னையின் தாகத்துக்கு. ஆகவே, திருத்தணி தெற்கே பாலாற்றைப் பார்க்க வேண்டியதாயிற்று.

பாலாறு என்றதும் இன்னொரு வரலாறு வந்து நிற்கிறது. வேலூர், ராணிப்பேட்டைப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு அந்தப் படுகையை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை 1996 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் பதிவு செய்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று அதே பாலாற்றைப் பற்றி அதே நீதிமன்றம் மீண்டும் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. தோல் கழிவின் முதன்மைக் கேடு குரோமியமும் உப்பும், காரீயம் அன்று. திருப்பாற்கடல் கிணறுகளில் கேடு இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. படுகையின் வரலாறு இப்படியிருக்கும்போது, அந்த நீரைக் குடிக்கப்போகும் மக்கள் முன் முழுமையான ஆய்வு முடிவை வைப்பது அரசின் கடமை என்பதே என் வாதம். கிணற்றருகே எடுத்த மாதிரியோடு நில்லாமல், நீர் மாறிய பின் வீட்டுக் குழாய்முனைகளில் எடுத்த மாதிரியும் வேண்டும். ஃபிளின்டில் ஆற்றங்கரைச் சுத்திகரிப்பு நிலையத்தில் அளந்திருந்தால் காரீயம் தென்பட்டிருக்காது. அது வழியில் சேர்ந்தது.

நம் சோதனை முறையின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் வழியே ஆளுக்கு நாள்தோறும் 55 லிட்டர் தரமான நீர் என்று உறுதியளித்தது. கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியளித்துக் களச் சோதனைப் பெட்டியைக் கையில் கொடுத்தது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை ஒன்றியங்களின் கிராமங்களும் இதில் அடங்கும். உண்மையில் இது நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தப் பெட்டி காட்டுவது கலங்கல், கார அமில நிலை, கடினத் தன்மை, குளோரைடு, ஃபுளூரைடு, நைட்ரேட், இரும்பு, எஞ்சிய குளோரின் போன்றவற்றை. காரீயம் அதில் இல்லை. லிட்டரில் மில்லிகிராமின் நூற்றில் ஒரு பங்கை அளக்க நிறம் மாறும் தாள் போதாது. அணு உட்கவர் நிறமாலைமானி போன்ற கருவியுள்ள ஆய்வகம் வேண்டும். ஆக, தேடாததால் கிடைக்காத ஒன்றை 'இல்லை' என்று எழுதிக்கொள்கிறோம். தேடிய இடங்களில் என்ன கிடைத்தது? 21 மாநிலங்களைச் சேர்ந்த 176 மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் காரீயம் வரம்பைத் தாண்டியிருப்பதாக 2022-ல் மாநிலங்களவையில் மத்திய அரசே தெரிவித்தது. அது நிலத்துக்குள் இருக்கும் நீரின் கணக்கு மட்டுமே. குழாயிலும் குழாய்முனையிலும் சேர்வது அந்தக் கணக்கில் வராது.

சோதனை செய்து, இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, தீர்வு கண்ட முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களில் கறையும் வளைந்த எலும்புமாக ஒரு தலைமுறை வளர்ந்தது. காரணம் ஃபுளூரைடு என்று அளந்து நிறுவிய பிறகு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏறத்தாழ 1,928 கோடி ரூபாயில் நிறைவேறி, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. ஃபுளூரைடு தன் தடயத்தைப் பல்லில் விட்டுச் சென்றது. யாரும் மறுக்க முடியவில்லை. காரீயம் அப்படி விடுவதில்லை. வகுப்பில் கவனம் சிதறும் பிள்ளையை நாம் குறும்புக்காரன் என்கிறோம், மந்தம் என்கிறோம், தேர்வில் தோற்றால் வீட்டில் அடிக்கிறோம். ரத்தத்தை யாரும் பார்ப்பதில்லை.

பார்த்தவர்கள் சிலர் உண்டு. சென்னையில் மூன்று முதல் ஏழு வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. ரத்தத்தில் காரீயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். காரீயம் கூடக்கூடக் கவனக்குறைவும் பதற்றமும் கூடியதை அந்த ஆய்வு காட்டியது. ஐந்து மைக்ரோகிராமிலேயே காரணத்தைத் தேடித் தடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்றும் சொல்கிறது. யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, ஐந்துக்கு மேல் காரீயம் உள்ள குழந்தைகள் உலகில் 80 கோடி வரை இருப்பார்கள் என்றும், அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள் என்றும் மதிப்பிட்டது. இந்தியாவில் காரீயப் பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் விலக்கப்பட்டதோடு பிரச்னை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு அது அதிர்ச்சி. பெட்ரோல் போன பிறகும் தொடர்கிறது என்றால், வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன என்று பொருள்.

அந்த வாசல்களில் குடிநீர் மட்டுமே இல்லை. பெரிய வாசல் அதுவே என்று சொல்லவும் முடியாது. பழைய மின்கலங்களை உடைத்து உருக்கும் முறைசாரா உலைகள், வண்ணத்துக்காகக் காரீயக் குரோமேட் கலந்த மஞ்சள்தூள், பழைய உலோகத்தை உருக்கி வார்த்த அலுமினியப் பாத்திரங்கள், பெயின்ட் என்று பட்டியல் நீளும். இந்தியாவிலிருந்து போன சில அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்குவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் எச்சரித்தது. அந்த நாட்டுக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இங்குள்ள கடைகளில் அவ்வகைப் பாத்திரங்கள் எடைக்கு விற்பனையாகின்றன. வீட்டுப் பெயின்டில் காரீயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயின்டுக்கு அது பொருந்தாது; பூங்காவின் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் எந்தப் பெயின்டை அடித்தார்கள் என்று ஒப்பந்ததாரருக்குத்தான் தெரியும்.

இவற்றையெல்லாம் விட்டுக் குடிநீரை ஏன் முன்னே வைக்கிறேன்? மஞ்சள்தூளை ஆயிரம் பேர் அரைக்கிறார்கள். பாத்திரத்தை ஆயிரம் பட்டறைகள் வார்க்கின்றன. குழாய்நீரை வழங்குவது ஒரே ஒரு அமைப்பு. குழாயை வாங்குவதும் அரசு, பதிப்பதும் அரசு, நீரை விடுவதும் அரசு, சோதிப்பதும் அரசு. பொறுப்பு இன்னாருடையது என்று தேடி அலைய வேண்டியதில்லை. மஞ்சளிலும் முடியும் என்பதற்கு வங்கதேசம் சான்று: அங்கே 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் காரீயம் இருந்தது, சோதனை, அபராதம், விளம்பரம் என்று இறங்கியதும் 2021-ல் அது பூஜ்யமானது. பரவிக் கிடந்த வணிகத்திலேயே இரண்டாண்டில் இது கைகூடியது.

விலைக்கு வருவோம். இருபது லிட்டர் கேன் முப்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நால்வர் உள்ள குடும்பம் நாளொன்றுக்கு ஒரு கேன் வாங்கினால் மாதம் 900 ரூபாய். குடிக்க மட்டும் என்று சிக்கனமாகப் பாதியாகக் குறைத்தாலும் 450. விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறவர் வீட்டில் இது மின்கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். வருவாயில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் நீருக்குச் செலவானால் அது சுமை என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டம் முன்வைத்த அளவுகோல்; மாதம் பன்னிரண்டாயிரம் ஈட்டும் குடும்பம் 360 ரூபாயிலேயே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். வசதியுள்ளவர் ஒருமுறை ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிவிடுகிறார்; இல்லாதவர் தினமும் சில்லறையாகக் கொடுத்து அதைவிட அதிகம் செலவழிக்கிறார். 2013-ல் தொடங்கிய 'அம்மா குடிநீர்' லிட்டர் பத்து ரூபாய்க்கு, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் தயாராகிப் பேருந்து நிலையங்களுக்கு வந்தது. பயணிக்கு அது உதவியது. வீட்டுக்கு அது விடையாகவில்லை, ஆகவும் முடியாது. பாட்டிலில் அடைத்த நீர் எவ்வளவு மலிந்தாலும் குழாய்நீரின் விலைக்கு வராது.

காசு கொடுத்தவருக்குப் பாதுகாப்பாவது கிடைக்கிறதா? ஒழுங்காகப் பராமரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் காரீயத்தைப் பெருமளவு நீக்கும் என்பது உண்மை. கூடவே கால்சியம் உள்ளிட்ட தாதுக்களையும் நீக்கிவிடுகிறது. அப்படித் தாதுவிழந்த, சற்றே அமிலத் தன்மையுள்ள நீருக்கு உலோகத்தை அரிக்கும் குணம் கூடுதல். அந்த நீரை மலிவான பித்தளைக் குழாய்முனை வழியே பிடித்தால், நீக்கிய பொருளையே கடைசி அங்குலத்தில் திரும்பச் சேர்க்கும் வாய்ப்பு உண்டு. பேருந்து நிலையத்திலும் பள்ளியிலும் நன்கொடையாளர் பெயர் பொறித்த சுத்திகரிப்பு எந்திரங்களுக்கு எந்தக் குழாய்முனை பொருத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். உப்பு 500-க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என்று 2019 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதற்கு நீர் விரயம் முதன்மைக் காரணம். இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அடைத்து விற்கும் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சேர்த்தது ஏன் என்பதையும் கேன் நிறுவனங்களின் பெருக்கத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், காரீயம் சாகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

கிருமிக்கே இன்னும் முடிவு கட்டவில்லை, காரீயத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று ஒரு பொறியாளர் கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. வயிற்றுப்போக்கு ஒரே வாரத்தில் குழந்தையைக் கொண்டுபோகும். குளோரின் முதலில் சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கிருமிக்குச் செலவிடும் பணத்தை இதற்குத் திருப்பச் சொல்லவில்லை. காரீயத்தைத் தடுக்கும் செலவின் பெரும்பகுதி கொள்முதல் ஆவணத்தில் ஒரு வரி சேர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. ஒப்பந்தப்புள்ளியில் காரீயமற்ற குழாய், காரீயம் குறைந்த குழாய்முனை என்று எழுதி, வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். குழாயைப் பதித்த பிறகு தோண்டுவதற்கு ஆகும் செலவை எண்ணிப் பார்த்தால் இதன் மலிவு விளங்கும். ஒரு திட்டத்தின் குழாய்கள் பதிக்கப்படும் காலமே அந்தக் கேள்வியைக் கேட்பதற்குரிய காலம்.

குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகக் காரீயத்தை ஈர்க்கிறது. வெறும் வயிறாக இருந்தால், இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்திருந்தால், ஈர்ப்பு இன்னும் கூடும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரும்பு இல்லாத இடத்தில் உடல் காரீயத்தை ஏற்றுக்கொள்கிறது. காரீயம் புகுந்ததும் ரத்தம் உற்பத்தியாவது மேலும் தடைப்படுகிறது. இந்தக் கோணத்தில் பார்த்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பசியைத் தணிப்பதோடு காரீயத்துக்கு எதிரான காப்பாகவும் அமைகிறது; திட்டத்தை வகுத்தவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள். அந்த உணவை எந்தப் பாத்திரத்தில், எந்த நீரில் சமைக்கிறார்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியமாகிறது. திருத்தணிக் கோயிலில் 2021 செப்டம்பர் முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. அங்கே பாத்திரம் வாங்கும்போது தரச் சான்று கேட்பது அறநிலையத் துறைக்குப் பெரிய வேலையாக இருக்காது.

திருத்தணியில் தொடங்கிப் பார்க்கத்தக்க ஒரு சிறு வேலை உண்டு. நகரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன், இரவு முழுவதும் தேங்கிய நீரின் முதல் லிட்டரைப் பிடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது மாதிரியைப் பிடிக்க வேண்டும். முதலாவதில் காரீயம் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் கேடு குழாய்முனையில் அல்லது கட்டடத்துக்குள். இரண்டிலும் இருந்தால் கேடு தெருவில் அல்லது கிணற்றில். களப் பெட்டியோடு ஏற்கெனவே பழகிய பெண்களே மாதிரி எடுக்கலாம். ஆய்வகம் மட்டும் வேறு. புதிய நீர் விடப்படுவதற்கு முன் ஒருமுறை, விடப்பட்ட மூன்று மாதத்தில் ஒருமுறை, ஆடிக் கிருத்திகை வெயிலில் ஒருமுறை என்று மூன்று சுற்று போதும். முடிவு எதுவாக இருந்தாலும் அதை நகராட்சி அலுவலகப் பலகையில் தமிழில், இடத்தின் பெயரோடு எழுதி ஒட்ட வேண்டும். வரம்புக்குள் இருந்தால், அந்தப் பலகையைப் பார்த்துக் கேன் வாங்குவதை நிறுத்தும் வீடுகள் சில நிச்சயம் இருக்கும். வரம்பைத் தாண்டியிருந்தால், முதல் செலவு அங்கன்வாடிக்கு ஒரு குழாய்முனை. ஆய்வு முடிவு வந்து அது மாற்றப்படும் வரை, காலையில் முதல் வாளி நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்ததைக் குழந்தைகளுக்குக் கொடுக்குமாறு பணியாளரிடம் இன்றே சொல்லிவிடலாம்.